வன்னியில் பொதுவேலைக்கு இறங்குபவர்கள் விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் எந்தக் கூட்டத்துக்கும் எந்தப் போராட்டத்துக்கும் வருகிறவர்கள் இரண்டு வகை. முடிந்ததும் வாகனம் ஏறிப் போகிறவர்கள் ஒரு வகை. அடுத்த நாளும் அதே ஒழுங்கையில் இருந்துகொண்டு, அதே கிராம அலுவலருக்கும் அதே பொலிஸ் நிலையத்துக்கும் முகம் கொடுக்க வேண்டியவர்கள் மற்ற வகை. முதல் வகையினர் திட்டம் போட, இரண்டாம் வகையினர் விலை கொடுக்கிறார்கள். நான் பார்த்த பிழைகளில் அநேகமானவை இங்கேதான் தொடங்குகின்றன.

இதை யாரையும் பின்வாங்கச் செய்வதற்காக எழுதவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பல்கலைக்கழகத்திலும் படிக்கிற பிள்ளைகள், கம்பஸ் முடித்து ஊருக்கு வந்தவர்கள், விடுமுறையில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் என்று ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்போடு நிறையப் பேர் இருக்கிறார்கள். காணி, நுண்கடன், மணல் அகழ்வு, குடிதண்ணீர், காணாமல் ஆக்கப்பட்டோர், பெண்களின் கூலி என்று வேலையும் கிடக்கிறது. இறங்க முதல் சில விசயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

வந்தவுடன் புதுச் சங்கம் தொடங்குவது

ஒரு பெயர், ஒரு லோகோ, ஒரு பேஸ்புக் பக்கம், தலைவர், செயலாளர், பொருளாளர். மூன்று மாதத்தில் தலைவரும் செயலாளரும் கதைப்பதில்லை. இது எல்லா ஊரிலும் நடந்த கதை.

வன்னியில் சங்கத்துக்குப் பஞ்சம் இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்கரைப் பக்கம் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம். இதில் சில தூங்கிக்கொண்டிருக்கும், சிலது ஒரே ஆளின் கையில் இருபது வருடமாக இருக்கும். என்றாலும் பிரதேச செயலகம் ஒரு கடிதத்தைக் கணக்கில் எடுப்பதென்றால் இவற்றின் கடிதத் தலைப்பைத்தான் பார்க்கும். முதலில் மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தை வாசிக்கக் கேளுங்கள். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் பிரச்சினைக்கு ஏற்கெனவே ஐந்து கடிதம் போயிருக்கலாம். ஆறாவது கடிதத்தை எப்படி எழுதுவது என்பது அந்த ஐந்தையும் பார்த்தால்தான் விளங்கும்.

மரண உதவிச் சங்கத்தை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஊரில் சாதி, கட்சி, மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போகிற ஒரே சங்கம் சில இடங்களில் அதுதான்.

நாள், நேரம்

மாசியில் அறுவடை நடக்கும்போது காலை பத்து மணிக்குக் கலந்துரையாடல் வைத்துவிட்டு, “சனத்துக்கு அக்கறை இல்லை” என்று சொல்லுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். மாரி மழையோடு செய்கிற காலபோக நெல்லின் விதைப்பும் அறுவடையும், குளத்தில் தண்ணீர் இருந்தால் கோடையில் செய்கிற சிறுபோகமும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும், மடு திருவிழாவும் நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியவை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், அதிலும் பாதி நாள் உடுப்புத் தோய்க்கவே போய்விடும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட்ட பிறகு யானைப் பயம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் கூட்டம் முடியும் நேரத்தைப் போடக் கூடாது.

கமராவும் வரவுப் பதிவும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அதிகம் இங்கேதான்.

கொழும்பில் ஒரு போராட்டத்தை பேஸ்புக்கில் நேரலை போடுவதும் முல்லைத்தீவில் போடுவதும் ஒன்றல்ல. இங்கே சீருடை இல்லாதவர்கள் வந்து நின்று படம் எடுப்பதும், பிறகு “நேற்று வந்த ஆட்கள் யார், யார் கூப்பிட்டது” என்று வீட்டுக்கு வந்து விசாரிப்பதும் யாருக்கும் புதினம் இல்லை. போருக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி ஒருவர், கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அரச வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பிள்ளை, இவர்களின் முகம் உங்கள் பக்கத்தில் வருவதால் உங்களுக்கு நாற்பது லைக் கிடைக்கும். அவர்களுக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த சனம் இது. பேஸ்புக் பதிவுக்காகவே அந்தச் சட்டத்தில் கைதானவர்கள் வடக்கு கிழக்கில் இருக்கிறார்கள். 2024 இல், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது.

ஆகவே கூட்டம் தொடங்க முதலே, யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று கேட்டுத் தீர்மானியுங்கள். எல்லாருக்கும் முன்னால் “படம் எடுக்கலாம்தானே?” என்று கேட்டால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதுகுப் பக்கமாக எடுங்கள், கைகளை எடுங்கள், பதாகையை எடுங்கள். இடம் குறிப்பிடாமல் இரண்டு நாள் பிந்திப் போடுங்கள்.

வரவுப் பதிவு இன்னொரு தலையிடி. நிதி கொடுத்த நிறுவனம் கேட்கிறது என்பதற்காகப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையொப்பம் எல்லாம் ஒரே தாளில் வாங்கி, அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். யாரும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் முடிந்தது. இலக்கங்கள் உண்மையில் தேவையா என்று நிதி கொடுப்பவரிடம் வாதாடிப் பாருங்கள். பல நேரம் தலை எண்ணிக்கையே போதும். வட்ஸ்அப் குழுவும் அப்படித்தான்: குழுவில் சேர்த்த நிமிடமே எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தாய்மாரை மேடைக்கு இழுப்பது

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கியது. பிள்ளையின் முடிவு தெரியாமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இறந்துவிட்டார்கள். இவ்வளவு காலத்துக்குள் அந்த அம்மாமார் எத்தனை பேருக்குத் தங்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள்? தூதரகக்காரர், ஆணைக்குழுக்கள், ஆய்வு மாணவர்கள், ஊடகக்காரர். இனி நீங்களும் ஒரு மகளிர் தின நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு, படத்தைக் கையில் கொடுத்து, அழும்வரை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அவர்களுக்கு உதவ வேண்டும் என்றால் வேலை வேறு மாதிரி: ஆவணங்களை ஒழுங்குபடுத்திப் பிரதி எடுத்துக் கொடுப்பது, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்த கடிதத்தை வாசித்து விளக்குவது, மருந்து எடுக்கப் போகக் கூட்டிக்கொண்டு போவது. காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30 இல் அவர்கள் எங்கே நிற்கச் சொல்லுகிறார்களோ அங்கே போய் நிற்பது. போரின் கடைசியில் செத்தவர்களை நினைவுகூர மே 18 க்கு முள்ளிவாய்க்காலுக்குப் போனால் அது செத்த வீடு என்பதை மறக்க வேண்டாம். அங்கே உங்கள் அமைப்பின் பதாகைக்கு இடம் இல்லை.

நுண்கடன் விசயத்திலும் இதே கூச்சமின்மை உண்டு. கடன்பட்ட பெண்களைக் கூட்டத்தில் எழுப்பி எவ்வளவு கடன் என்று கேட்கிறார்கள். ஊருக்குள் மானம் போகிற காரியம் அது. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து, கடன் கொப்பியை வாங்கி, வட்டி எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அவர்களே அடுத்த நாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள்.

“நாங்கள் எல்லாரும் ஒன்று”

மேடையில் நன்றாக இருக்கும். நிலத்தில் அப்படி இல்லை. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருந்தொகையாக இருக்கிறார்கள். காடு வெட்டியவர்களும் கூலிக்கு வயல் செய்தவர்களும் அவர்கள்தான். ஆனால் பலருக்கு இன்னும் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஒழுங்காக இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் முல்லைத்தீவுக்காரரும் உண்டு. திரும்பி வந்தபோது அவர்களுக்கும் காணிப் பிரச்சினைதான். “காணி உரிமை” என்று பதாகை கட்ட முதல், அந்த ஊரில் யாருக்குக் காணி இருக்கிறது, யார் குத்தகைக்குச் செய்கிறார்கள், யார் யாருடைய அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இராணுவம் பிடித்த காணியைப் பற்றி உரத்துக் கதைக்கிற வாய், ஊருக்குள் சாதி பார்த்துக் கிணறு மறுக்கப்பட்டால் மூடிக்கொள்கிறது என்றால் அதை முற்போக்கு என்று எப்படிச் சொல்வது?

வெளியில் இருந்து பார்க்கும்போது நியாயமாகத் தெரிவது உள்ளே அப்படி இராமல் போகலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டவர்கள் பலர். குளத்தின் கீழ் சிறுபோகத்தில் எவ்வளவு ஏக்கர் செய்ய முடிகிறது, எத்தனை பேருக்குப் பங்கு கிடைக்காமல் போகிறது என்று கிளிநொச்சி விவசாயியிடம் கேட்டவர்கள் குறைவு. கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் தாளையடியில் வந்தது. இடையில் இரண்டு மாவட்டத்துச் சனத்துக்கும் நடுவில் ஏற்பட்ட கசப்பு இருக்கிறதே, அதைத் தவிர்த்திருக்கலாம்.

இன்னொன்று, தேநீர் ஊற்றுவதும் கதிரை அடுக்குவதும் பெண்கள், நன்றியுரை வரை பேசுவது ஆண்கள். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீதம் சட்டமே ஆகிவிட்டது. முற்போக்கு அமைப்புகளின் நிர்வாகத்தில் அது எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சட்டம் தெரியாமல் வீதிக்கு இறங்குவது

அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை தருகிறது. ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்: தொடங்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆகக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் நேரத்தோடு கையொப்பம் வாங்குங்கள். பெயர் குறிப்பிட்டு நீதிமன்றத் தடை உத்தரவு வருவது இங்கே வழமை. அது யாருக்கு, எந்த இடத்துக்கு, எந்த நாள் வரைக்கும் என்று ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லும்வரை வீரம் காட்ட வேண்டாம். அவருடைய இலக்கத்தைப் போராட்டத்துக்கு முதல் நாளே கையில் வைத்திருங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996, அதற்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகமும் உண்டு.

வீதிக்கு இறங்காமலே செய்யக்கூடிய வேலையை ஏனோ நம்மவர் மதிப்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இதில் வரும் வழமையான பிழை, “எங்கள் ஊர் வீதி ஏன் போடப்படவில்லை?” என்று எழுதுவது. அது முறைப்பாடு. “இன்ன வீதிக்கு இன்ன வருடத்தில் ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர், செலவு செய்த தொகை, மதிப்பீட்டின் பிரதி” என்று கேட்டால் அது தகவல்.

ஒரு நாள் கூத்து

முல்லைத்தீவில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள், பிடிபட்ட தங்கள் காணியைக் கேட்டு 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாமுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் பிள்ளை குட்டியோடு இருந்த பிறகு மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள். கடற்படை வசம் இருந்த தங்கள் தீவைக் கேட்டு இரணைதீவு மக்கள் 2017 மே முதலாம் திகதி போராட்டம் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தீவில் இறங்கினார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது ஊர்ச் சனம். வெளியில் இருந்து போனவர்கள் அரிசி பருப்பு கொண்டுபோனார்கள், செய்தியை வெளியே கொண்டுவந்தார்கள், கூட இருந்தார்கள். அந்த வேலைக்கு இன்றும் ஆள் தேவை. உங்களால் மாதத்தில் ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளைச் சொல்லிவிட்டு, அதைத் தவறாமல் வாருங்கள்.

கட்சிக்காரரைப் பற்றி ஒரு வரி: வரட்டும், சனத்தோடு பாயில் இருக்கட்டும், மாலை வேண்டாம் என்று முதலே முடிவெடுத்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். மேடையில் வைத்து முடிவெடுக்க முடியாது.

கடைசியாகக் காசு. வெளிநாட்டில் இருந்து வரும் பணம் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குள் போனால், அவர் ஒரு சதம் எடுக்காவிட்டாலும் ஊர் நம்பாது. சங்கக் கணக்கில் போடுங்கள், இரண்டு பேர் கையொப்பம் வைத்து எடுங்கள், ஓட்டோக் கூலி முதல் பந்தல் வாடகை வரை பற்றுச்சீட்டு வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்த கிழமையே வரவு செலவை எழுதிச் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். சாப்பாட்டுப் பார்சலுக்கு ஏன் இவ்வளவு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.