சக்தியில்லாத நாயகி: பாம்பன் பின்னணியில் எழுத

மாயசக்திக்காரர்கள் நடமாடும் ஊரில், எந்தச் சக்தியும் இல்லாத பதினாறு வயதுப் பெண்ணை நாயகியாக்கினால் அவள் சீக்கிரமே வேடிக்கை பார்ப்பவளாகிவிடுவாள். முடிவுகளை மற்றவர்கள் எடுப்பதுதான் காரணம். அத்தியாயத்துக்கு ஒரு முடிவாவது அவளுடையதாக இருக்கட்டும். அது தப்பாகப் போனாலும் பரவாயில்லை.

அவளுக்குத் தொழிலறிவு கொடுங்கள். கடல்பாசி எடுக்கும் வீட்டுப் பெண் என்றால், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றுவாள், பாதத்தில் தகரத்தட்டு கட்டி நீந்துவாள். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. இதையெல்லாம் ஆபத்தில்லாத முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். பிறகு துரத்தல் காட்சியில், "வடக்க போவாதண்ணே, தெக்கால திருப்பு" என்று அவள் சொல்லும்போது வாசகர் நம்புவார். முன்பே காட்டாவிட்டால் அது வெறும் அதிர்ஷ்டம்.

மந்திரத்துக்கு ஒரே ஒரு தெளிவான எல்லை வையுங்கள்; அதை அவளே கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

காலத்தையும் பயன்படுத்துங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் காசு புரளாது. சக்தி தருவதாக ஒருவன் ஆசைகாட்ட ஏற்ற நேரம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியை வெறும் பேய்வீடாக்காதீர்கள். அங்கே உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கடைசியில் "அவள் ரத்தத்திலேயே சக்தி இருந்தது" என்று மட்டும் எழுதவே வேண்டாம். அடிபட்டால் தையல் போடட்டும், அடுத்த இரண்டு அத்தியாயங்களுக்கு அந்தக் கை வலிக்கட்டும்.