ரூப்ரிக் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1961 இல் அமெரிக்காவில் பால் டைடரிக்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். எதை வைத்துத் தரம் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் வாங்கின. ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களோடு தப்பித்த கட்டுரை ஒன்றுகூட இல்லை. திருத்தியவர்கள் அசட்டையாக இருந்ததால் வந்த வினை அல்ல இது. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழையைப் பார்த்தார், இன்னொருவர் கட்டுரையின் அமைப்பைப் பார்த்தார்.

இந்தக் குளறுபடியைக் குறைப்பதற்குத்தான் ரூப்ரிக். எந்தெந்தக் கூறுகளைப் பார்ப்பது, ஒவ்வொரு கூறிலும் எந்த நிலை எப்படி இருக்கும் என்று கட்டங்களில் எழுதி வைக்கும் மதிப்பீட்டுத் தாள் அது. ஆனால் கட்டம் போட்ட தாள் ஒன்று கையில் இருந்தாலே நியாயமாகத் திருத்திவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் எழுதியிருப்பது ‘மிக நன்று, நன்று, சுமார், போதாது’. இது வெறும் மதிப்பெண்ணைச் சொற்களாக மாற்றியது, அவ்வளவுதான். எது நன்று என்று திருத்துபவர் மறுபடியும் மனத்துக்குள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ‘ஆழமான’, ‘சிறப்பான’, ‘ஓரளவு’ போன்ற அடைமொழிகளும் இதே ரகம். விவரிப்பு என்பது தாளில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். ‘ஆதாரம்’ என்ற கூறை இப்படி எழுதிப் பாருங்கள்:

நிலை 4: ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரம் தரப்பட்டிருக்கிறது, அது அந்தக் கருத்தை எப்படி நிறுவுகிறது என்ற விளக்கமும் இருக்கிறது.
நிலை 3: எல்லாக் கருத்துகளுக்கும் ஆதாரம் இருக்கிறது, சில இடங்களில் விளக்கம் இல்லை.
நிலை 2: சில கருத்துகளுக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது, அல்லது கருத்தோடு தொடர்பு காட்டாமல் ஆதாரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.
நிலை 1: கருத்துகள் மட்டும் இருக்கின்றன.

இதில் நிலை 2 வாங்கிய மாணவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ‘சுமார்’ என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு என்ன புரியும்?

தெளிவாக எழுதுகிறேன் என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. ‘மூன்று உதாரணம் இருந்தால் மூன்று மதிப்பெண்’ என்று எண்ணிக்கையில் இறங்கிவிடுகிறார்கள். திருத்துவது சுலபம்தான். ஆனால் கூர்மையான ஓர் உதாரணத்தை எடுத்து அலசிய மாணவர் தோற்பார். மேம்போக்கான மூன்றை வரிசையாக எழுதியவர் ஜெயிப்பார்.

ஒரே கூறில் இரண்டு விஷயங்களைத் திணிப்பது அடுத்த சிக்கல். ‘கருத்துத் தெளிவும் பிழையற்ற நடையும்’ என்று ஒரு வரி இருந்தால், கருத்து தெளிவாகவும் நடை பிழையாகவும் உள்ள தாளை எந்தக் கட்டத்தில் வைப்பது? இதன் மறுபக்கம், ஒரே குறைக்கு இரண்டு மூன்று இடத்தில் தண்டிப்பது. எழுத்துப் பிழைக்கு ‘மொழி’யில் குறைத்து, ‘தெளிவு’ என்ற பெயரில் மறுபடி குறைத்து, ‘ஒப்படைப்பின் நேர்த்தி’யில் மூன்றாவது முறையும் குறைப்பார்கள். திருத்துபவர் இதை உணர்வதுகூட இல்லை.

எடை ஒதுக்கீட்டில்தான் ஆசிரியரின் உண்மையான விருப்பம் வெளிப்படும். 20 மதிப்பெண் ஆய்வக அறிக்கையில் அட்டை, ஓரக்கோடு, கையெழுத்து ஆகியவற்றுக்கு 6, முடிவுகளை விளக்குவதற்கு 4 என்றால், அங்கே சோதிக்கப்படுவது அறிவியல் அல்ல. கற்பித்ததற்குத்தான் எடை கூட வேண்டும்.

கூறுகளின் எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். எட்டுக் கூறுகள், ஐந்து நிலைகள் என்றால் 40 கட்டங்கள். 35 தாள்களுக்கு 280 முடிவுகள். பாதித் தாள் தாண்டியதும் கண் கட்டங்களைப் படிக்காது. முதல் கூறுக்குப் போட்டதையே மற்றவற்றுக்கும் கை போட்டுவிடும். சிறிய ஒப்படைப்புக்கு மூன்று அல்லது நான்கு கூறுகள் தாராளம். நிலைகள் இரட்டை எண்ணாக இருப்பது என் விருப்பம். நடு நிலை ஒன்று இருந்தால் சந்தேகம் வந்தபோதெல்லாம் அங்கேயே ஒதுங்கத் தோன்றும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான்கு நிலைகளில் மூன்றாவது ‘எதிர்பார்த்ததை எட்டியது’ என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கூறுகளிலும் மூன்று வாங்குபவருக்கு நேர்க்கணக்கில் 75 சதவீதம். எதிர்பார்த்ததை முழுமையாகச் செய்தவருக்கு 75 தான் உரியதா? இல்லை என்றால், நிலைக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தாள் கைக்கு வரும் முன்பே தனியாக வகுத்துவிட வேண்டும். பூஜ்யத்துக்கும் ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுத்தாள் கொடுத்தவருக்கும் 25 சதவீதம் கிடைத்துவிடும்.

ஒப்படைப்பைத் திருப்பித் தரும்போதுதான் ரூப்ரிக்கைக் காட்டுவது என்ற வழக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை. பணியைக் கொடுக்கும் அன்றே கொடுத்து, பழைய தாள் ஒன்றைப் பெயரை மறைத்து மாணவர்களையே திருத்தச் சொல்லலாம். எந்த வரி அவர்களுக்குப் புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், இன்னொரு ஆசிரியரும் நீங்களும் அதே மூன்று நான்கு பழைய தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். ஒரு கூறில் இருவரும் இரண்டு நிலை விலகினால், திருத்த வேண்டியது அந்த வரியை. இத்தனைக்குப் பிறகும் பாதித் திருத்தத்தில் ஒரு கட்டம் தவறு என்று தெரியவரலாம். மீதித் தாள்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். மாற்றுவதென்றால் முதல் தாளிலிருந்து அந்தக் கூறை மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் ஓரத்தில் குறித்து வைத்து அடுத்த ஒப்படைப்பில் மாற்றுங்கள்.