கிளிநொச்சியிலா, திருச்சியிலா: தொழில் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையை இங்கே போடுவதா, தமிழ்நாட்டில் போடுவதா என்று கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் கொண்டுவருவது, தொழில் செய்ய எந்த நாடு எளிது என்று காட்டும் உலக வங்கியின் தரவரிசையைத்தான் (Doing Business): இந்தியா 63, இலங்கை 99. கூட்டல் கழித்தல் பிழைகளை விடுவோம், யாராவது பிடித்துவிடுவார்கள். காசைத் தின்பவை வேறு.

பழைய பட்டியல்

அந்த இலக்கங்கள் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளவை. தரவு 2019 மே மாதத்தோடு நிற்கிறது. சில நாடுகளின் தரவில் முறைகேடு தெரியவந்ததால் 2021 செப்டெம்பரில் அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள்.

கொழும்பை அளந்த கோலால் கிளிநொச்சியை அளப்பது

எரிச்சலூட்டும் பிழை இதுதான். அறிக்கையின் அளவீட்டு முறையை ஒருமுறை வாசித்தாலே தப்பலாம். 190 நாடுகளுக்கும் ஒரே கற்பனைக் கொம்பனி. உரிமையாளர்கள் எல்லோரும் உள்நாட்டவர். இடம் மிகப்பெரிய வணிக நகரம்: இலங்கைக்குக் கொழும்பு, இந்தியாவுக்கு மும்பையும் டெல்லியும். காணி, பதிவும் சுத்தமான உரித்தும் உள்ள தனியார் காணி.

இனி வன்னியில் அடிக்கடி காணும் திட்டத்தைப் பாருங்கள். காணி அப்பாவின் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. காசு கனடாவிலுள்ள தம்பியினுடையது. பேர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. உறுதிக் காணி (சொந்த உரித்துப் பத்திரம் உள்ள காணி) போல நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. வங்கிக் கடனை நம்பிய திட்டம் அங்கேயே படுத்துவிடும்.

சரி, உறுதிக் காணி வாங்குவோம் என்றால், தம்பி இலங்கைக் குடியுரிமையை இழந்தவரா என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கொம்பனிக்கும் காணியை எழுதிக்கொடுக்கப் பொதுவாகத் தடை. மீறி எழுதிய உறுதி செல்லாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே பங்கு பிரிக்க முன்னரே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கமும் இலேசில்லை. இலங்கைக் குடிமக்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி அங்கே காணி வாங்க முடியாது. 5 வருடத்துக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம். கொம்பனிக்கு, நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் பணிப்பாளர் ஒருவர் தேவை. 63ஆம் இடம் மும்பைக்காரருக்குக் கிடைத்தது. கிளிநொச்சிக்காரர் அங்கே வெளிநாட்டவர்.

ஒரு தாளை இரண்டாக மடித்து, இரு நாட்டுக்கும் எழுதுங்கள்: காணி யார் பெயரில், என்ன உரித்தில், ஒப்பமிட வேண்டிய அலுவலகம் எது. இதை நிரப்பும்வரை தரவரிசையைத் தொட வேண்டாம்.

சம்பளத்தை மட்டும் பார்ப்பது

இலங்கையில் ஒரே வேலையாள் என்றாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். 50,000 ரூபாய் சம்பளத்துக்கு மேலதிகம் 7,500. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி கட்டாயமாவது 20 பேரிலிருந்து. எட்டுப் பேர் ஆலைக்கும் முப்பது பேர் ஆலைக்கும் விடை மாறும்.

கொம்பனிப் பதிவுக்கு எத்தனை நாள்?

இரண்டு நாட்டிலும் இணையவழி. இதில் மினக்கெட வேண்டாம்.

உரிமமும் கரண்டும்

இங்கே பிரதேச சபையின் வியாபார உரிமம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இரண்டு: கட்ட முன் ஒன்று, ஓட்ட முன் ஒன்று. மும்முனை மின்சாரத்துக்கு மதிப்பீடு எடுக்காமல் காணிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்; டிரான்ஸ்போமர் தள்ளி இருந்தால் கம்பி இழுக்கும் செலவும் உங்கள் தலையில்.