வயர்ஷார்க் டிசெக்டர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட் பகுதியில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள், உற்பத்தியாளர் தமக்கென வைத்திருக்கும் தொடர்பு நெறிமுறையை, வலையமைப்பில் செல்லும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் படிக்க வேண்டுமானால், பைட்டுகளைப் பொருளுள்ள புலங்களாகப் பிரித்துக் காட்டும் டிசெக்டர் ஒன்றை லுவா நிரல்மொழியில் தாமே எழுத வேண்டியிருக்கும். எழுதிப் பழக, தொழிற்சாலைக் கருவிகள் தகவல் பரிமாறும் நெறிமுறையான மோட்பஸ் டிசிபி மிகவும் ஏற்றது. அதற்கான டிசெக்டர் வயர்ஷார்க்கிலேயே இருப்பதால், நம் விடையை அதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு பாக்கெட்டில் ஒரு செய்திதான் இருக்கும் என்று கொள்வது பரவலான தவறு. மோட்பஸ் செய்திகளைச் சுமந்து செல்லும் டிசிபிக்குத் தெரிந்தது பைட்டுகளின் தொடர் மட்டுமே. ஒரே பாக்கெட்டில் இரண்டு செய்திகள் வரலாம், ஒரு செய்தியின் பின்பாதி அடுத்த பாக்கெட்டிலும் வரலாம். ஆகவே, நீளத்தைக் கணக்கிட்டுத் தரும் பொறுப்பை மட்டும் நாம் ஏற்று, பிரிப்பதையும் சேர்ப்பதையும் வயர்ஷார்க்கின் 'டிசெக்ட் டிசிபி பிடியூஸ்' (dissect_tcp_pdus) என்ற செயற்கூற்றிடம் விடுவதே நல்லது. மோட்பஸ் செய்தியின் தலைப்பு (ஹெடர்) 7 பைட்டுகள் கொண்டது என்றாலும், அதிலுள்ள நீளப் புலம் 7ஆவது பைட்டான யூனிட் எண்ணையும் (கருவியைக் குறிக்கும் எண்) சேர்த்தே எண்ணுவதால், மொத்த நீளத்துக்கு அதனுடன் 6ஐத்தான் கூட்ட வேண்டும். 7ஐக் கூட்டினால் அடுத்த செய்தி ஒரு பைட் தள்ளித் தொடங்கி, அதன் பின் வருவதெல்லாம் பிழையாகும்.

இதைவிட நுட்பமான தவறு, நினைவில் வைப்பதைப் பற்றியது. ரெஜிஸ்டர்களை, அதாவது கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் இடங்களை, படித்து அனுப்பும் மோட்பஸ் பதிலில் ரெஜிஸ்டர் முகவரி இராது. அதைக் கோரிக்கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். 'கடைசிக் கோரிக்கை' என ஒரு பொது மாறியில் அதை வைத்தால், கோப்பைத் திறக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் பயனர் இடையில் ஒரு பாக்கெட்டைச் சொடுக்கியதும் வயர்ஷார்க் அந்த ஒன்றுக்கு மட்டும் டிசெக்டரை மீண்டும் அழைக்கும். அப்போது வேறொரு கோரிக்கையின் முகவரி திரையில் வரும். பிழைச்செய்தி எதுவும் வராமல் பொய்யான விவரத்தைக் காட்டுவதால், இதையே நான் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். முதல் சுற்றில் மட்டும், அதாவது பாக்கெட் ஏற்கெனவே படிக்கப்பட்டதா என்று சொல்லும் 'விசிட்டட்' (pinfo.visited) பொய்யாக இருக்கும்போது, இணைப்பையும், கோரிக்கைக்கும் பதிலுக்கும் பொதுவான பரிமாற்ற எண்ணையும் கொண்டு கோரிக்கையைக் கண்டு, விடையைப் பாக்கெட் எண்ணின்கீழ்ச் சேமிக்க வேண்டும்.

பைட் வரிசையிலும் கவனம் தேவை. மோட்பஸ் ரெஜிஸ்டரில் உயர் பைட் முதலில் வரும். ஆனால் இரண்டு ரெஜிஸ்டர்களில் வைக்கப்படும் 32 பிட் மதிப்பில் எந்த ரெஜிஸ்டர் முதலில் வரும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால், அதைப் பயனரே மாற்றிக்கொள்ளும் விருப்பத்தேர்வாக வைப்பது நலம். பழகும் காலத்தில் மோட்பஸுக்குரிய 502ஆம் போர்ட்டில் நம் டிசெக்டரை நேரடியாகப் பதிவு செய்யாமல், எந்த டிசெக்டரைப் பயன்படுத்துவது என்று பயனரே தேர்ந்தெடுக்கும் 'டிகோட் ஆஸ்' பட்டியலில் மட்டும் சேர்த்தால், உள்ளிருக்கும் டிசெக்டரும் ஒப்பீட்டுக்குக் கைவசம் இருக்கும்.