ஹெடர் மாற்றிய பின் டைனோ டியூனிங்: டொயோட்டா 86 காரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

டொயோட்டா 86 காரிலும் அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இஸட் காரிலும் எக்ஸாஸ்ட் ஹெடரை (என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் முதல் குழாய்த் தொகுப்பை) மாற்றியவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனிப்பார்கள். சத்தம் நன்றாக மாறியிருக்கும்; ஓட்டம் எதிர்பார்த்த அளவுக்கு மாறியிருக்காது. 2012இல் வந்த அந்த முதல் தலைமுறைக் காரின் எஃப்ஏ20 என்ஜின் 2 லிட்டர் பாக்ஸர் வகையைச் சேர்ந்தது; அதாவது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்தவாறு இருக்கும். 12.5:1 என்ற உயர்ந்த கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) கொண்ட அது 7000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறனும், அதிகபட்சமாக 205 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்று விசையும்) தருவதாக நிறுவனம் குறிப்பிட்டது. ஆனால் 3500 முதல் 4500 ஆர்பிஎம் வரையிலான இடைப்பகுதியில் டார்க் வளைவில் ஒரு பள்ளம் உண்டு. ஓவர்டேக் செய்யத் தேவைப்படும் அதே இடத்தில் என்ஜின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வதுபோல் இருக்கும். பலர் ஹெடரை மாற்றுவதே இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

பள்ளம் முழுமையாக நிரம்பாததற்குக் காரணம், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்லிவிடும். அதற்கேற்ற பெட்ரோலையும் ஈசியூ ஓரளவு சரியாகவே கொடுத்துவிடும். ஆனால் எந்த ஆர்பிஎம்மில் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழ வேண்டும் என்பவை பழைய ஹெடருக்காகத் தொழிற்சாலையில் எழுதப்பட்ட அட்டவணைகளாகவே இருக்கின்றன. இந்த அட்டவணைகளின் தொகுப்பைத்தான் மேப் என்கிறார்கள். இன்டேக் குழாயையும் மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சென்சார் பொருந்தியிருக்கும் குழாயின் விட்டம் மாறிவிட்டால் சென்சாரின் அளவீடே பொய்யாகிவிடும். இவற்றையெல்லாம் புதிய பாகங்களுக்கேற்பத் திருத்தி எழுதுவதும், அந்தத் திருத்தம் சரிதானா என்பதை டைனோ எனப்படும் சக்தி அளக்கும் ரோலர் கருவி மேல் வைத்து அளந்து பார்ப்பதும் சேர்ந்ததே டைனோ டியூனிங்.

டியூனிங்குக்கு நாள் குறிப்பதற்கு முன் காரின் உடல்நலத்தைப் பார்த்துவிட வேண்டும். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பணமும் பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது. என் காருக்கு நடந்ததையே சொல்கிறேன். ஹெடரைப் பொருத்திய கையோடு ஒரு டியூனரிடம் போனேன். முதல் ஓட்டத்திலிருந்தே கலவை பெட்ரோல் குறைந்ததாகக் காட்டியது. அவர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனார். மணி கரைந்ததே தவிர வளைவு சீராகவில்லை. கடைசியில் காரைத் தூக்கிப் பார்த்தபோது, ஹெடர் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட்டின் (கசிவைத் தடுக்கும் தகட்டின்) ஓரம் கரி படிந்து கறுத்திருந்தது. அந்த நூலளவு இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கட்டணமும் ஒரு கேஸ்கெட்டும் செலவழித்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது: பாகங்களைப் பொருத்திய பின் குறைந்தது சில நூறு கிலோமீட்டராவது ஓட்டி, என்ஜின் குளிர்ந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்த்து, புகைச் சோதனை செய்து கசிவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகே டைனோவுக்குப் போக வேண்டும்.

கசிவு தவிர, கம்ப்ரெஷன் சோதனை ஒன்றைச் செய்து நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தளர்ந்திருக்கும் என்ஜினை டியூன் செய்வது, விரிசல் விட்ட சுவருக்குச் சாயம் பூசுவதுபோல. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிவிடுங்கள். பாக்ஸர் என்ஜினில் அவை இரு பக்கங்களிலும் காரின் உடற்சட்டகத்தை ஒட்டி ஒளிந்திருப்பதால் கைக்கு எட்டாது. அந்தச் சிரமத்தாலேயே பல கார்களில் வருடக்கணக்கில் பழைய பிளக்குகளே இருக்கின்றன. ஆரம்பகால 86, பிஆர்இஸட் கார்களின் வால்வு ஸ்பிரிங்குகள் உடையக்கூடும் என்று 2018 நவம்பரில் நிறுவனங்களே கார்களைத் திரும்ப அழைத்தன. பழைய காரை வாங்கியவர்கள், தங்கள் கார் அந்தப் பட்டியலில் இருந்ததா, இருந்திருந்தால் வேலை முடிந்ததா என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்து விசாரித்துவிட வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும் காரையும், பழைய எண்ணெயோடு ஓடும் காரையும் எந்த நல்ல டியூனரும் ரோலரில் ஏற்ற மாட்டார். ஏற்றுகிறேன் என்று சொல்பவரிடம் காரைக் கொடுக்கத் தயங்குவதே நல்லது.

கிளட்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். டைனோவில் அது தவறாமல் வெளிப்படும். அன்றைய வேலையும் அத்தோடு நின்றுவிடும். டயர்கள் நல்ல நிலையிலும், இரு பின்சக்கரங்களிலும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். டாங்கில் இருக்கும் பெட்ரோல், நீங்கள் பின்னர் எப்போதும் போடப்போகிற அதே ஆக்டேன் பெட்ரோலாக இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றி டியூன் செய்துவிட்டு, மறுவாரம் சாதாரண பெட்ரோலுக்குத் திரும்புவது இந்த 12.5:1 என்ஜினுக்கு நேரடித் தீங்கு. ஊருக்கு ஊர் ஆக்டேன் எண்ணைக் கணக்கிடும் முறையும் வேறுபடுகிறது. அமெரிக்கப் பம்பில் 91 என்று எழுதியிருப்பது மற்ற பல நாடுகளின் ஆர்ஓஎன் கணக்கில் ஏறத்தாழ 95க்குச் சமம். ஆகவே அமெரிக்க டியூனர் ஒருவரிடம் இணையம் வழியாக மேப் வாங்குபவர்கள் இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

டியூனரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் சுவரில் மாட்டியிருக்கும் அதிகபட்சக் குதிரைத்திறன் எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இதே என்ஜினை எத்தனை முறை செய்திருக்கிறார், எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார், நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பதை) எப்படிக் கண்காணிக்கிறார், பின்னால் குறை தெரிந்தால் மேப்பைத் திருத்திக் கொடுப்பாரா என்று கேளுங்கள். இந்தக் காருக்குப் பரவலாகப் பயன்படும் ஈசியூடெக் மென்பொருளின் உரிமம் உங்கள் ஈசியூவோடு பிணைக்கப்படுவது. மேப்பை டியூனர் பூட்டிவிட்டால் வேறொருவர் அதைத் திறந்து திருத்த முடியாது. பூட்டுவது அவருடைய உழைப்புக்கான பாதுகாப்பு, அதில் தவறில்லை. ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. தொழிற்சாலை மேப்பின் நகல் ஒன்று பத்திரமாக எடுத்து வைக்கப்படுகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டைனோக்களும் ஒரே மாதிரியானவை அல்ல. கனமான உருளையைக் கார் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்பதை வைத்துச் சக்தியைக் கணக்கிடும் இனெர்ஷியா வகை ஒன்று. இதில் டைனோஜெட் பெயர் பெற்றது. உருளையை மின்காந்த பிரேக்கால் பிடித்து நிறுத்தி, வேண்டிய ஆர்பிஎம்மில் வேண்டிய சுமையைக் கொடுக்கக்கூடியது மற்றொன்று. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பில் நேரடியாகப் பொருத்தும் டைனாபேக் போன்றவையும் உண்டு. அவற்றில் டயர் வழுக்கும் பிரச்சினையே இல்லை. சாலையில் தினமும் ஓட்டும் காருக்குச் சுமை கொடுக்கக்கூடிய டைனோவையே நான் பரிந்துரைப்பேன். நம் ஓட்டத்தில் பெரும்பகுதி பாதி ஆக்சிலரேட்டரிலேயே நடக்கிறது. அந்த இடங்களில் என்ஜினைப் பிடித்து நிறுத்தி ஒவ்வொரு கட்டமாகத் திருத்த, சுமை அவசியம்.

வெவ்வேறு டைனோக்களின் எண்களை ஒப்பிடவே கூடாது. ஒரே டைனோவிலும், அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்திய எண்ணையே தாளில் அச்சிடுகிறார்கள். எஸ்ஏஇ முறை 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி என்ற பழைய முறை அதைவிடக் குளிர்ந்த காற்றை அடிப்படையாகக் கொள்வதால் சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். தாளின் ஓரத்தில் எந்த முறை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே முறையில் அச்சிடச் சொல்லுங்கள். தொழிற்சாலை சொல்லும் 200 குதிரைத்திறன் என்ஜினிலேயே அளந்தது. சக்கரத்துக்கு வந்து சேரும்போது கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால், ரோலரில் 165க்கு அருகில் ஓர் எண்ணைப் பார்த்தால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

அன்றைய தினம் முதலில் செய்ய வேண்டியது, எதையும் தொடாமல் இருக்கும் நிலையிலேயே இரண்டு மூன்று முறை ஓட்டி அளப்பது. இது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. 86இன் ஆறு கியர் மேனுவலில் ஐந்தாவது கியரின் விகிதம் 1.000, நான்காவது 1.213. டைனோவில் பெரும்பாலும் நான்காவதையே பயன்படுத்துகிறார்கள். அதில் 7400 ஆர்பிஎம்முக்கு ஏறக்குறைய 175 கிலோமீட்டர் வேகம் வரும். ஐந்தாவதில் 210ஐத் தாண்டிவிடும். எந்தக் கியரானாலும் கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும். முன்சக்கரங்கள் நிற்க, பின்சக்கரங்கள் மட்டும் சுழலும்போது காரின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் குழம்பிப்போய்ச் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், அதை முழுமையாக அணைத்தாயிற்றா என்று பாருங்கள். ஈசியூவில் புதிய மேப்பை எழுதும்போது பேட்டரியோடு சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் தளர்ந்தால் ஈசியூவே செயலற்றுப் போகலாம்.

பிறகு டியூனர் முதலில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்வார். சாதாரண ஓட்டத்தில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் 14.7:1, முழு ஆக்சிலரேட்டரில் டர்போ இல்லாத இந்த என்ஜினுக்கு 12.5 முதல் 13 வரை. அடுத்து, வால்வு டைமிங்கைப் படிப்படியாக நகர்த்தி ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் எந்த நிலையில் டார்க் உயர்கிறது என்று தேடுவார். அந்தப் பள்ளம் நிரம்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தீப்பொறி டைமிங் கடைசியில் வரும். ஒரு டிகிரி கூட்டுவார், டார்க் ஏறும். இன்னொரு டிகிரி கூட்டும்போது ஏற்றம் சிறுத்துவிடும். அதற்குமேல் கூட்டினால் ஒன்றும் ஏறாது, அல்லது நாக்கிங் தொடங்கும். என் காரில் 5000 ஆர்பிஎம்மை ஒட்டிய ஓரிடத்தில், திரையில் நேராக ஏறிய டைமிங் கோடு திடீரென்று பல் விழுந்ததுபோல் கீழே இறங்கியது. நாக் சென்சார் சத்தத்தைப் பிடித்ததும் ஈசியூ தானாகவே டைமிங்கைப் பின்னிழுத்த அடையாளம் அது. இரண்டாவது முறை நான் போயிருந்த டியூனர் அந்தக் கட்டங்களில் இரண்டு டிகிரி குறைத்தார், உச்ச எண்ணில் இரண்டு குதிரைத்திறன் போயிற்று, கோடு நேரானது. அந்த இரண்டு குதிரைத்திறனை நான் மனமாரக் கொடுத்தேன். வெயிலில் சிக்னலில் நின்றுவிட்டுப் புறப்படும் கார், பெரிய விசிறிக்கு முன்னால் நிற்கும் காரைவிட மிகச் சூடான காற்றையே உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றுக்கும் இடம் விட்டு எழுதப்பட்ட மேப்தான் என்ஜினைக் காப்பாற்றும்.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்தியவர்களுக்கு இந்த எச்சரிக்கை பன்மடங்கு பொருந்தும். அவர்களுக்கு முழு ஆக்சிலரேட்டரில் கலவை 11 முதல் 12க்குள், பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும்; இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் போதுமானவையா என்ற கணக்கு டைனோவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தரப்படும் தாளில் உச்ச எண்ணை விட்டுவிட்டு வளைவின் உருவத்தைப் பாருங்கள். முன்பு பள்ளம் இருந்த 3500 முதல் 4500 வரையிலான பகுதியில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி எவ்வளவு? சாலையில் நீங்கள் உணரப்போவது அதைத்தான். குதிரைத்திறனும் பவுண்டு அடியில் அளந்த டார்க்கும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால், இரு கோடுகளும் 5252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டவில்லையென்றால் அந்தத் தாளில் ஏதோ பிழை இருக்கிறது. தாளோடு நில்லாமல், ஓட்டங்களின் பதிவுக் கோப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடும் ஹெடர்கள் அமெரிக்காவில் சாலைக் கார்களுக்குச் சட்டவிரோதம். இந்தியாவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கன்வெர்ட்டருடன் கூடிய ஹெடரிலும் பள்ளம் நன்றாகவே குறைகிறது என்பதால், அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரங்கள் கவனித்து ஓட்டுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜின் ஒரே முயற்சியில் கிளம்புகிறதா, ஏசி போட்டதும் ஐட்லிங் தடுமாறுகிறதா, மெல்ல ஆக்சிலரேட்டரை விடும்போது குலுங்குகிறதா என்பவற்றை டைனோ அறையில் முழுமையாகச் சோதிக்க முடியாது. காரின் ஓபிடி போர்ட்டில் (பழுதறியும் இணைப்பில்) செருகும் மலிவான கருவி ஒன்றால் ஃபியூயல் டிரிம் எண்களை, அதாவது ஈசியூ தானாகப் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பாருங்கள். அவை கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் நின்றால் மேப் சரியாக இருக்கிறது. 10ஐத் தாண்டினால் எங்கோ கசிவோ தவறான சென்சார் அளவீடோ இருக்கிறது. அந்த எண்களை, எந்த ஆர்பிஎம், எவ்வளவு சூடு, ஏசி ஓடியதா என்ற குறிப்புகளோடு டியூனருக்கு அனுப்புங்கள். ‘கார் சரியில்லை’ என்ற ஒரு வரியை வைத்து அவரால் எதையும் செய்ய முடியாது. இந்தக் குறிப்புகள் இருந்தால், மேப்பின் எந்தக் கட்டத்தைத் திறந்து திருத்த வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.