காற்றாலையின் உயரம்: ஏற்றக்கோணக் கணக்கைப் போடும் முறை

பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் காற்றாலைகள். அவற்றில் ஒன்றையே இன்றைக்குக் கணக்காக்குவோம்.

தரையில் ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது, இறக்கைகள் சேரும் நடுப்பகுதியின் ஏற்றக்கோணம் (கிடைக்கோட்டிலிருந்து பார்வைக்கோடு மேலே எழும் கோணம்) 30°. காற்றாலையை நோக்கி நேராக 100 மீட்டர் நடந்தபின் 60°. நடுப்பகுதியின் உயரம் என்ன? (பார்ப்பவரின் உயரத்தை விட்டுவிடலாம்.)

முதலில் படம். சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் போவது பெரும்பாலும் படத்தில்தான். கிடைக்கோடு ஒன்று வரைந்து, அதன் வலது முனையில் செங்குத்தாகக் காற்றாலையை நிறுத்துங்கள். உச்சி ம, அடி அ. கிடைக்கோட்டில் தூரத்துப் புள்ளி ச, பக்கத்துப் புள்ளி க. ஏற்றக்கோணம் பார்ப்பவர் நிற்கும் இடத்தில் வரும், உச்சியில் அல்ல. எனவே ச-வில் 30°, க-வில் 60°. கிட்டே போகப்போகக் கோணம் பெரிதாகத்தான் வேண்டும்; மாறியிருந்தால் அங்கேயே திருத்திவிடுங்கள்.

அடுத்து, எந்த விகிதம்? தேடுவது எதிர்ப்பக்கம், தரையில் இருப்பது அடுத்துள்ள பக்கம். கர்ணத்தின் பேச்சே இல்லை. ஆகவே டேன், அதாவது எதிர்ப்பக்கம் / அடுத்துள்ள பக்கம்.

உயரம் உ, கஅ தூரம் தூ என்க.
டேன் 60° = √3 = உ/தூ; எனவே உ = √3 × தூ
டேன் 30° = 1/√3 = உ/(தூ + 100); எனவே √3 × உ = தூ + 100

முதல் சமன்பாட்டை இரண்டாவதில் இட்டால் 3தூ = தூ + 100. தூ = 50, உ = 50√3. √3-ஐ 1.732 என்று கொண்டால் 86.6 மீட்டர். √3-ஐக் கடைசி வரி வரை அப்படியே வைத்திருங்கள். முன்பே தசமமாக்கினால் விடை பிசகும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டேன் இல்லாமல் வடிவியலாலேயே இதைச் சரிபார்க்கலாம். சகம முக்கோணத்துக்கு 60° வெளிக்கோணம். அது உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதல். ஒன்று 30° என்றால் உச்சியில் உள்ளதும் 30°. இரண்டு கோணங்கள் சமம், ஆகவே இருசமபக்க முக்கோணம்: கம = கச = 100. கஅம செங்கோண முக்கோணத்தில் ம-வில் உள்ள கோணம் 30°; அதற்கு எதிரே உள்ள கஅ, கர்ணமான கம-வில் பாதி, அதாவது 50. பிதாகரஸ் தேற்றப்படி உ² = 100² − 50² = 7500. அதே 50√3! இப்படி இரு வழியிலும் ஒரே விடை வந்தபின் யாரிடமும் சரிதானா என்று கேட்க வேண்டியதில்லை.

நீங்களே போட ஒன்று: தாமிரபரணிக் கரையில் நிற்கிறீர்கள், நேர் எதிர்க்கரையில் ஒரு மருதமரம். கரையோரமாக நேராக 40 மீட்டர் நடந்து திரும்பிப் பார்த்தால், மரத்தை நோக்கிய பார்வைக்கோடு கரையுடன் 60° கோணம் அமைக்கிறது. ஆற்றின் அகலம் 69.28 மீட்டர் என்று வர வேண்டும். செங்கோணம் எந்தப் புள்ளியில் என்பதை முதலில் குறியுங்கள்.