கனமான பேட்டை வைத்து சாஃப்ட்பால் ஸ்விங் வேகத்தைக் கூட்டுவது எப்படி

அடுத்து நம்ம முறை என்று வெளியே காத்திருக்கும்போது பேட்டில் டோனட் என்ற கனமான வளையத்தை மாட்டி நாலு சுற்றுச் சுற்றுகிறோம். வளையத்தைக் கழற்றிப் போட்டதும் பேட் தக்கை மாதிரி லேசாகத் தெரிகிறது. இனி அடி பறக்கும் என்று நம்பிப் போய் நிற்கிறோம். அந்த லேசு வெறும் உணர்வுதான், நிஜத்தில் பேட் முன்னைவிட மெதுவாகத்தான் வருகிறது. 2002-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள்: கனமான பேட்டைச் சுழற்றிய கையோடு சாதா பேட்டை எடுத்தவர்கள் "லேசாக இருக்கிறது, வேகமாக வருகிறது" என்றுதான் சொன்னார்கள், ஆனால் அளவீட்டில் முதல் ஸ்விங்கின் வேகம் குறைந்திருந்தது.

அப்படியென்றால் கனமான பேட்டே வேண்டாமா? வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் அதைத் தொடக்கூடாது, வாரக்கணக்கில் செய்யும் பயிற்சியில் தொட வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய பேருக்கு மாதக்கணக்கில் சுற்றியும் பலன் தெரிவதில்லை.

முதலில் வேகம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். பெரியவர்கள் ஆடும் பெண்கள் ஃபாஸ்ட்பிட்ச்சில் (பந்தை வேகமாக வீசி ஆடும் சாஃப்ட்பால் வகை) பந்து வீசும் பிட்சர் நிற்கும் தூரம் 43 அடி. அவர் ஓர் எட்டு முன்னால் வந்து பந்தை விடுவதால் பந்து கடக்க வேண்டியது கிட்டத்தட்ட 37 அடிதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்தால் உங்களிடம் இருப்பது 0.42 வினாடி. அதில் ஸ்விங்குக்கே 0.15 முதல் 0.2 வினாடி போய்விடும், மிச்சத்தில்தான் பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஸ்விங் கொஞ்சம் விரைவானால் அதில் மிச்சமாகும் நேரம் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கிறது. அடித்த பந்து பறக்கும் வேகமும் வீசி வரும் பந்தின் வேகத்தைவிட பேட்டின் வேகத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது: பேட் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் அடித்த பந்தின் வேகம் சுமார் 1.2 மைல் கூடும்.

எவ்வளவு கனம்?

இங்கேதான் பெரும்பாலானோர் தப்பு செய்கிறார்கள். கனம் கூடக் கூடப் பலன் கூடும் என்று நினைக்கிறார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கூப் டெரென் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 30 அவுன்ஸ் பேஸ்பால் பேட்டை வைத்து 1992-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: 27-லிருந்து 34 அவுன்ஸுக்குள் இருந்தவற்றால் வார்ம்-அப் செய்தபோதுதான் அடுத்த ஸ்விங் வேகமாக வந்தது, டோனட் போட்ட பேட் கடைசியில் நின்றது. அதாவது உங்கள் பேட்டைவிட ஏறத்தாழ 10 சதவீதம் மேலே, 10 சதவீதம் கீழே. அந்த எல்லைக்குள் உடம்பு அதே ஸ்விங்கைத்தான் போடுகிறது. அதைத் தாண்டி வெகுதூரம் போனால் அது வேறொரு அசைவாகிவிடும், அந்த வேறொரு அசைவில் நீங்கள் எவ்வளவு தேறினாலும் ஆட்டத்துக்கு உதவாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 அங்குலம், 23 அவுன்ஸ் பேட் என்று வைத்துக்கொள்வோம் (டிராப் மைனஸ் 10 என்பார்களே, அது: அவுன்ஸ் எடை அங்குல நீளத்தைவிட 10 குறைவு). 10 சதவீதம் என்பது 2.3 அவுன்ஸ், சுமார் 65 கிராம். ஆக கனமான பேட் 25 அவுன்ஸ் சொச்சம், லேசான பேட் 20, 21 அவுன்ஸ். ஆரம்பத்துக்கு இது போதும். எட்டு வாரம் கழித்து, ஸ்விங் கெடவில்லை என்று வீடியோவில் உறுதியான பிறகு 20 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் நான் யாரையும் போகச் சொல்வதில்லை.

ஆம், லேசான பேட்டும் வேண்டும். "வெயிட்டட் பேட்" என்றதும் எல்லாரும் கனத்தை மட்டும் நினைக்கிறார்கள். கனமானது உடம்பை அதிக விசை கொடுக்க வைக்கிறது, லேசானது கையும் இடுப்பும் இதுவரை போகாத வேகத்தில் போகப் பழக்குகிறது. ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் லேசானதை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கனம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். இப்போதே உங்கள் பேட்டை எடுத்து கைப்பிடியில் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டி அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள். அப்புறம் தலைகீழாகத் திருப்பி, பருத்த பக்கத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரே பேட், ஒரே எடை, ஆனால் இரண்டாவது தடவை பாதி எடைதானோ என்று தோன்றும். சுழற்றும்போது எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுமை கூடுகிறது: 12 அங்குலத்தில் இருக்கும் எடையை 24 அங்குலத்துக்கு நகர்த்தினால் சுமை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. டோனட்டின் கோளாறு முழுக்க இதில்தான் இருக்கிறது, அது போய் உட்காருவதே பேரல் என்கிற அந்தப் பருத்த பக்கத்தில். 1960-களில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் கேட்சர் எல்ஸ்டன் ஹோவர்டின் பெயரோடு பரவிய வளையம் இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. பழக்கம் அவ்வளவு எளிதில் விடாது.

அதனால் பயிற்சி பேட் தேடும்போது எடை நீளவாக்கில் பரவி இருப்பதாகப் பாருங்கள், நீளம் உங்கள் பேட்டின் நீளமாகவே இருக்கட்டும். காசு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அணியில் யாரிடமாவது அதே நீளத்தில் டிராப் மைனஸ் 8 பேட் இருக்கும், இன்னொருவரிடம் மைனஸ் 12 இருக்கும். சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள், மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கிரிப் சுற்றியதிலேயே ஒரு அவுன்ஸ் வரை மாறியிருக்கலாம். பழைய பேட் ஒன்றில் துணி டேப்பை கைப்பிடிக்கு மேலிருந்து பேரல் வரை சீராகச் சுற்றிக்கொண்டே வந்து, நடுநடுவே தராசில் வைத்துப் பார்த்தும் 60 கிராம் ஏற்றிவிடலாம். கழன்று பறக்கக்கூடிய எதையும், நட்டு, சங்கிலி, மணல் பை, எதையும் கட்டாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் தலைக்குத்தான் ஆபத்து.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும்

உடம்பு சூடேறாமல் தொடங்காதீர்கள். ஏழெட்டு நிமிடம் மெல்ல ஓடி, இடுப்பு, தோள், மணிக்கட்டு மூன்றையும் சுழற்றிவிட்டு, உங்கள் சொந்த பேட்டால் அரைவேகத்தில் ஐந்து ஸ்விங், முக்கால்வேகத்தில் ஐந்து. அப்புறம் கனமான பேட்டில் 5, லேசானதில் 5, சொந்த பேட்டில் 5. இது ஒரு சுற்று. இந்த வரிசையை மாற்றாதீர்கள், எப்போதும் சொந்த பேட்டில்தான் முடிய வேண்டும், கை கடைசியாக ஞாபகம் வைத்துக்கொள்வது அதுவாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஸ்விங்கும் முழுவேகம். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஒரு ஸ்விங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்துப் பதினைந்து வினாடி நில்லுங்கள், காலை மறுபடி ஊன்றுங்கள், பந்து வருவதாக மனசுக்குள் பாருங்கள், அப்புறம் அடியுங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. வியர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க, விடாமல் அறுபது ஸ்விங் போடுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது மெதுவாகச் சுழற்றுவதற்கான பயிற்சி. நாளுக்கு மூன்று சுற்று, பழகியதும் நான்கு, வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. டெரென் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வில் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் 12 வாரம், வாரம் 4 நாள், நாளுக்கு 150 ஸ்விங் போட்டார்கள். அது ஏற்கெனவே பழகிய உடம்பு, முதல் நாளே அதைப் பார்த்து நகலெடுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

அதே ஆய்வில் வெறும் காற்றில் சுழற்றியவர்களைவிட, பந்தை அடித்தபடியே எடை மாற்றிப் பயின்றவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் காற்றில் சுழற்றி, ஸ்விங் நிலைத்ததும் டீ ஸ்டாண்டில் பந்து வைத்து வலைக்குள் அடியுங்கள், பிறகு பக்கவாட்டிலிருந்து மெல்லப் போடச் சொல்லி அடியுங்கள். லேசான பேட் சின்னப் பிள்ளைகளுக்கானதாக இருந்தால் நிஜப் பந்தை அடிக்க வேண்டாம், உடைந்துவிடும், மெத்துப் பந்து போதும். டோனட்டையோ பேட்டில் மாட்டும் வேறு எடை உறையையோ மாட்டியபடி பந்தை அடிக்கவே கூடாது.

ஸ்விங் கெடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

காதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முழுவேகத்தில் சுழற்றும்போது 'விர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது எங்கே வருகிறது என்று கேளுங்கள். முன்காலுக்கு நேராக, பந்தை அடிக்கும் இடத்தில் வர வேண்டும். பின்தோளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால் வேகத்தைப் பின்னாலேயே செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கனமான பேட்டில் சத்தம் பின்னால் நகர்ந்தால் அந்த எடை உங்களுக்கு அதிகம்.

இரண்டாவது, போன். ஸ்லோமோஷனில், வினாடிக்கு 240 ஃபிரேமில், முகத்துக்கு எதிரே நின்று எடுக்கச் சொல்லுங்கள். பேட் முன்னோக்கி நகரத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து பந்தைத் தொடும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 0.15 வினாடி என்றால் 36 ஃபிரேம், 0.2 என்றால் 48. சொந்த பேட்டின் எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள், வேகமானி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

அந்த வீடியோவிலேயே கையையும் பாருங்கள். நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண், நல்ல பலசாலி, ஒரு பருவம் முழுக்க 40 அவுன்ஸுக்கு மேல் இருந்த ஓர் இரும்புக் குழாயைச் சுழற்றினாள், அப்போது நானும் அதைச் சரி என்றுதான் நினைத்தேன். அடுத்த பருவத்தில் ரைஸ் பால் (மேலே ஏறி வரும் பந்து) ஒன்றையும் அவளால் தொட முடியவில்லை, தொட்டாலும் நேர் மேலே போய் கேட்சாகியது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது: குழாயின் கனத்தைத் தாங்க அவள் உடம்பைப் பின்னால் சாய்க்கப் பழகியிருந்தாள், கை மார்பை விட்டு வெளியே அகன்று போயிருந்தது, பேட்டின் தலை கைக்குக் கீழே தொங்கிக்கொண்டு வந்தது. மேலே ஏறும் பந்துக்கு அடியில்தான் அந்த பேட் போகும், வேறு வழியில்லை. அதைச் சரிசெய்ய அவளுக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே சாய்வு, கை அகல்வது, தலை தொங்குவது, முன்தோள் சீக்கிரம் திறப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குக் கனமான பேட்டைக் கீழே வைத்துவிடுங்கள். களைப்பில் வேகம் குறைகிறது என்றாலும் அப்படியே.

12 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கனமான பேட் வேண்டவே வேண்டாம், சொந்த பேட்டும் லேசானதும் போதும். கீழ்முதுகிலோ விலாப்பக்கத்திலோ சுளீர் என்று பிடித்தால் நிறுத்துங்கள். பேட்டின் அடியைப் பிடிக்கும் கையின் உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதியில் வலி இருந்து போகாமல் நின்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பேட்டின் அடிக்குமிழ் அழுத்தும் இடத்தில் ஹேமேட் என்ற சின்ன எலும்பின் கொக்கி இருக்கிறது, அது முறிவது பேட்டர்களுக்கு நேர்வதுதான், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்ட பருவத்தில் இதை வாரம் ஒரு நாளாகக் குறைத்து, கனமானதில் 5, லேசானதில் 10, கடைசியில் சொந்த பேட்டில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம். ஆட்டத்தில் உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது சொந்த பேட்டையே எடுங்கள். பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கும்போது காலைத் தூக்கி, பந்து பிளேட்டைக் கடக்கும் நேரத்துக்குச் சரியாக ஐந்தாறு ஸ்விங் போடுங்கள். எட்டாவது வாரக் கடைசியில் மறுபடி அதே இடத்தில், அதே பேட்டோடு வீடியோ எடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். இரண்டு மூன்று குறைந்திருந்தால், கை முன்பு போன பாதையிலேயே போயிருந்தால், அப்போது அடுத்த 30 கிராம் டேப்பைச் சுற்றலாம்.